சின்ன அத்தையின் கைப்பிடி

மத்தியானம் மூன்று மணி. ஒரு பக்கம் மூடிப்போன மில்லின் மதில். இன்னொரு பக்கம் முள் மண்டிய காலி மனைகள். நடுவில் குண்டும் குழியுமாக ஒரு ரோடு... காக்கா குருவிகூட இல்லை. அந்த ரோட்டில் ஒரு பெரிய கார், பள்ளத்தைப் பார்த்துப் பார்த்து ஊர்ந்து போனது.

என்ன முறைக்கிறீர்கள்? பேய்க் கதை என்றால் நடுச்சாமமும் நாய் ஊளையும் வேண்டுமா? அதெல்லாம் சினிமாக்காரன் வேலை. இது நடந்தது பட்டப்பகலில். டிரைவர் அண்ணன் பழுதான நம் கம்பெனி பஸ்ஸுக்கு அடியிலிருந்து வெளியே வர இன்னும் நேரமாகும். ஜன்னலைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். அந்தப் போனை அணைத்து வையுங்கள். போன் வெளிச்சத்தைப் பார்த்தாலே எனக்கு அந்தப் பொம்பளை ஞாபகம் வருகிறது.

எந்தப் பொம்பளையா? தைத்த துணியைச் சரிபார்க்கிற நம் செக்கிங் டேபிளில் என் எதிரே நிற்பாளே, பூனை... சத்தமே இல்லாமல் வந்து நிற்பதால் நாம் வைத்த பேர். இன்றைக்கு வரவில்லை. அவளுடைய நாத்தனார்தான் அந்தப் பொம்பளை. தெருவே 'மேடம்' என்றுதான் கூப்பிடும். மரியாதையில் இல்லை. வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது, அதனால்.

மேடத்துக்கு ஒரு வியாதி. பழைய சாமான் வியாதி. யார் வீட்டில் கிழம் போய்ச் சேர்ந்தாலும், சொந்தக்காரர்கள் கண்ணைத் துடைப்பதற்குள் மேடத்தின் கார் வாசலில் நிற்கும். ஓடாத கடிகாரம், பாடாத ரேடியோ, ஒரு கால் ஆடுகிற நாற்காலி... எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து பாலிஷ் போட்டு ஹாலில் நிறுத்தும். அந்த ஹாலில் கண் நல்லா இருக்கிறவனே நாலு இடத்தில் இடித்துக்கொள்ளாமல் நடக்க முடியாது. இதில் வருகிறவர்களுக்கு வகுப்பு வேறு. "இது வெறும் நாற்காலி இல்லைங்க, இது ஒரு வாழ்க்கை." அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் உயிரோடு இருந்தபோது ஒரு நாள் எட்டிப் பார்த்திருக்குமா? அது மட்டும் கேட்கக் கூடாது.

மேடத்தின் அப்பாவுக்கு இரண்டு அக்காக்கள். பெரிய அத்தை, சின்ன அத்தை. கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல், அந்த மில் ரோட்டுக் கடைசியில் குடும்பத்துக்குச் சொந்தமான ஓர் ஓட்டு வீட்டில் ஒன்றாகவே இருந்தார்கள். பெரியவளுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கை சூம்பிப்போனது. சின்னவளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு நல்ல தையல்காரி.

அவர்களிடம் இருந்தது ஒரு கைமிஷின். கால் மிதி கிடையாது, கரண்ட் கிடையாது. வலது பக்கச் சக்கரத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். ஒரு கையால் அதைச் சுற்றிக்கொண்டே இன்னொரு கையால் துணியைத் தள்ள வேண்டும். இவர்கள் அதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பெரியவள் இடது கையால் துணியைத் தள்ளுவாள். சின்னவள் வலது பக்கத்தில் ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றுவாள். இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சே கிடையாது. ஊசிக்கு அடியில் துணி வந்துவிட்டது என்று சின்னவளுக்கு எப்படித்தான் தெரியுமோ, சுற்ற ஆரம்பித்துவிடுவாள். நிறுத்த வேண்டும் என்றால் பெரியவள் நாக்கைத் தட்டி 'ச்' என்பாள். அவ்வளவுதான். காலம் பூராவும் அப்படியே ஊருக்குத் தைத்துக் கொடுத்தார்கள்.

போன வருஷம் சின்ன அத்தை செத்துப்போனாள். மேடம் அன்றைக்கு ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தது.

முதலில் சொன்னேனே, மில் ரோட்டில் ஊர்ந்த கார்... அது போனது இந்த மிஷினை எடுக்கத்தான். மேடம் முன்னால். பின்னால் பூனையும் அவள் புருஷனும், தூக்கி வைப்பதற்கு. பூனையின் புருஷன், அதாவது மேடத்தின் தம்பி, அக்கா தும்மினால் கைக்குட்டையை எடுத்து நீட்டுகிற ஆள். அவனைப் பற்றி வேறு எதுவும் சொல்வதற்கில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் பூனைக்கு முதலில் தெரிந்தது வாசனை. மிஷின் எண்ணெயும் வலித் தைலமும் கலந்த வாசனை. சின்ன அத்தைக்கு நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றித் தோள் கடுக்கும், தைலம் தேய்த்துக்கொள்வாள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். ஆனால் செத்தவளின் தைலம் ஒரு வருஷமா மணக்கும்...?

மேஜைமேல் கறுப்பாக அந்த மிஷின். உடம்பில் பொன் வண்ணப் பூக்கொடி, கைபட்டுக் கைபட்டு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. ஊசிக்குக் கீழே பாதி தைத்த ஒரு தலையணை உறை. மிஷினுக்கு முன்னால் ஒரு ஸ்டூல், பக்கத்தில் ஒரு குட்டை ஸ்டூல்.

மேடம் உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பித்தது.

"ஒத்தக் கைய வெச்சுக்கிட்டு இது எதுக்கு அத்தை உங்களுக்கு? எங்க வீட்டுல இருந்தா நாலு பேரு பார்ப்பாங்க."

பெரிய அத்தை சொன்னாள், "எனக்கு அதுல வேலை இருக்கும்மா."

"என்ன வேலை? யாரு சுத்துறாங்க?"

பெரிய அத்தை தலையணை உறையை இடது கையால் நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். மேடம் தம்பியைப் பார்த்தது. தம்பி உடனே, "குடுத்துடுங்க அத்தை, அக்கா ஆசைப்படுது. வீட்டுக்கும் ஓடு மாத்தணும்னு சொல்லிட்டிருந்தீங்க" என்றான். அந்த வீட்டுப் பத்திரம் மேடத்தின் பேரில் இருக்கிறது. அதை எப்படிச் சொல்லாமல் சொன்னான் பாருங்கள். இதற்கு மட்டும் மூளை வேலை செய்யும்.

பெரிய அத்தை ஒரு கேள்விதான் கேட்டாள். "நீ தைப்பியா?"

மேடம் சிரித்தது. "இதுல யாராச்சும் தைப்பாங்களா அத்தை? இது ஷோவுக்கு."

"அப்ப அவளக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று பெரிய அத்தை குட்டை ஸ்டூல் பக்கம் திரும்பினாள். ஸ்டூல் காலியாக இருந்தது. மேடம் தம்பியிடம் கண்ணைக் காட்டி, நெற்றிப் பொட்டில் விரலால் ஒரு சுற்றுச் சுற்றியது. கிழத்துக்குக் கழன்றுவிட்டது என்று அர்த்தம். அதற்குள் அவன் மிஷினைத் தூக்கிவிட்டான். பாதி தைத்த உறையும் ஊசியோடு தொங்கிக்கொண்டே போனது. பூனைதான் நூலை அறுத்து அதைப் பெரிய அத்தையிடம் கொடுத்தாள். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. வாசல்வரை வந்து, காரை இல்லை, காரின் பின்சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

திரும்பி வரும்போது கார் பூராவும் தைல வாசனை. மேடம் மூக்கைச் சுளித்துக்கொண்டு வாசனைத் தண்ணீர் அடித்தது.

மிஷின் ஹாலுக்கு வந்தது. பூனையைக் கூப்பிட்டு எண்ணெய் போடச் சொன்னார்கள், நூல் கோக்கச் சொன்னார்கள். படகு மாதிரி ஒரு கூடு, அதற்குள் அடிநூல் சுற்றுகிற நீளமான பாபின். பூனை எல்லாம் செய்து வைத்தாள். டீ கூடக் கொடுக்கவில்லை. மேடம் பட்டுப்புடவையில் வந்து உட்கார்ந்தது, வீடியோ எடுக்க. 'பாட்டன் பூட்டன் காலத்துப் பொக்கிஷம்' என்று தலைப்பு. வலது கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது. இடது கையால் ஒரு துணியை எடுத்து, சும்மா ஒரு தோரணைக்கு, ஊசிக்கு அடியில் வைத்தது.

யோசித்துப் பாருங்கள். வலது கைக்கு வேறு வேலை. இடது கை மட்டும் துணியில். வாயில் பேச்சு இல்லை, ஏனென்றால் முகத்தில் அந்தச் செயற்கைச் சிரிப்பு.

கட... கட... கட... கடகடகட.

கைப்பிடி தானாகச் சுற்றியது.

பூனை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். நீங்களும் நானுமாக இருந்தால் தெருக்கோடியில் போய்த்தான் நின்றிருப்போம். மேடம் என்ன செய்தது தெரியுமா? முதலில் போனைப் பார்த்தது. எல்லாம் பதிவாகியிருக்கிறதா என்று. அப்புறம் சொன்னது, "உள்ள ஏதோ ஸ்பிரிங் இருக்கு. அந்தக் காலத்து இன்ஜினியரிங்னா சும்மாவா?"

ஸ்பிரிங்காம். பயப்படுவதற்கும் கொஞ்சம் அறிவு வேண்டும். அது இல்லாத இடத்தில் பேய் வந்து என்ன செய்யும், பாவம்.

அன்றிலிருந்து தினமும் சாப்பிட்டு முடித்ததும் மேடம் மிஷின் முன்னால் உட்கார்ந்துவிடும். வலது கையில் போன், இடது கையில் துணி. கண் போனில்தான். சின்ன அத்தை... ஆமாம், வேறு யார், அவள் பக்கத்தில் இருந்து சுற்றிக்கொண்டே இருப்பாள். துணிப்பைகளாகத் தைத்துத் தள்ளியது. 'என் கையாலேயே தைத்தது' என்று ஊருக்கெல்லாம் காட்டியது.

இதில் ஒரு கூத்து. மேடத்துக்கு அடுத்தவர் வீடியோவைப் பார்த்தால் பொறுக்காது. எதைப் பார்த்தாலும் இளக்காரமாக நாக்கைத் தட்டும். 'ச்.' உடனே மிஷின் நின்றுவிடும். மேடம் துணியைக் கொஞ்சம் அசைக்கும், மறுபடி ஓடும். எவளோ புது வீடு காட்டுவாள். 'ச்.' மிஷின் நிற்கும். கண் தெரியாத அந்த மனுஷிக்கு இதில் ஒரு சந்தேகமும் வந்திருக்காது. அதே இடது கை. அதே மௌனம். அதே 'ச்'. அக்கா பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். எனக்கு இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. வாழ்நாள் பூராவும் அக்காவுக்காகச் சுற்றியவளை, செத்த பிறகு இந்தப் பொம்பளைக்குப் பை தைக்க வைத்துவிட்டார்கள்.

அங்கே, அந்த ஓட்டு வீட்டில், பெரிய அத்தை மூன்று மணியானால் காலி மேஜை முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாள் என்று பக்கத்து மனைக் காவல்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். சாப்பாடு இறங்கவில்லையாம். மேடம் கேட்டுவிட்டு நாக்கைத் தட்டியது. மிஷின் நின்றது.

"நிஜமாவே அந்த மேடத்துக்குப் பயமே இல்லையாக்கா?" என்கிறாயா? வந்தது. கேள்.

ஒரு நாள் மேடத்துக்குப் பொறுமை போய்விட்டது. யாருடைய வீடியோவுக்கோ தொடர்ந்து 'ச்... ச்...' என்று தட்ட, மிஷின் நின்று நின்று ஓடியது. நாலு பேருக்குக் காட்டுவதற்காக அப்போதுதான் அந்த வீடியோவை மூடிவிட்டுத் தன் முகத்தைப் பதிவு பண்ண ஆரம்பித்திருந்தது. வீட்டு வேலைக்கு வருகிறவளிடம் பேசுமே, அதே குரலில், வாயைத் திறந்து சொன்னது.

"ஏய்... ஏன் நின்னு நின்னு சாவுற? ஒழுங்கா சுத்து."

கைப்பிடி நின்றது.

அப்புறம் நடந்ததைப் பூனை கண்ணால் பார்க்கவில்லை. பிறகு ஹாலில் கிடந்த போனில் பதிவாகியிருந்ததைத்தான் பார்த்தாள். போன் மேடத்தின் முகத்தை எடுத்துக்கொண்டிருந்தது அல்லவா... எனக்கும் காட்டினாள். ஒரு தரம்தான் பார்த்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. மேடம் கைப்பிடியை முறைக்கிறது. பின்னால் ஓடாத கடிகாரங்கள். பிறகு மேடத்தின் நெற்றியில்... ஒரு சின்னக் குழி. விரல் நுனியால் மாவை அமுக்கினால் விழுமே, அப்படி. பக்கத்தில் இன்னொரு குழி. அப்புறம் மூன்று, நாலு. மெதுவாக இறங்குகிறது. புருவத்தின் மேலே ஊர்கிறது. மேடத்தின் மூக்குக்கண்ணாடி தானாக எழும்பி, ஒரு அவசரமும் இல்லாமல் மேஜைமேல் போய் உட்காருகிறது. இமை இரண்டும் தாமாக மூடுகின்றன. கன்னம் அமுங்குகிறது. மூக்கு ஒரு பக்கமாக வளைந்து திரும்புகிறது. உதட்டுச் சாயம் ஓரமாக இழுபட்டுக் கன்னம்வரை வருகிறது... மேடத்துக்கு மூச்சே இல்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை.

கண் தெரியாதவர்கள் முகம் பார்க்கிற விதம் அது. யார் நீ என்று கேட்கிற விதம்.

அப்புறம் அந்தக் கை வலது தோளுக்குப் போயிருக்க வேண்டும். ரவிக்கைத் துணி அமுங்கி அமுங்கி, முழங்கை, மணிக்கட்டு... படம் ஆடுகிறது. போனைப் பிடித்திருந்த விரல்களை யாரோ ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். மடக்கிப் பார்க்கிறார்கள். நீட்டிப் பார்க்கிறார்கள். சூம்பாத கை. நல்ல கை.

போன் கீழே விழுந்துவிட்டது. அதற்குமேல் மேல்கூரை மட்டும்தான் தெரிகிறது. ஆனால் சத்தம் இருக்கிறது. மேடம் ஓடுகிற சத்தம். கதவு அறைந்து சாத்துகிற சத்தம். எல்லாம் அடங்கிய பிறகு... சுவரில் உள்ளங்கை தேய்கிற சத்தம். சரக்... சரக்... ஏதோ ஒரு பொருள் இடிபட்டு விழுகிறது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி... சரக்... சரக்...

அன்றைக்குச் சாயங்காலமே மேடம் தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போய்விட்டது. வாசலில் வைத்துப் பூனையிடம் சாவியை எறிந்தது. "அந்தச் சனியனக் கொண்டுபோய் அந்தக் கிழத்துகிட்டயே குடுத்துடு. அதுங்க என்னமோ பண்ணித்தான் என்கிட்ட குடுத்திருக்குதுங்க." கேட்டு வாங்கியது யார், பிடுங்கி வாங்கியது யார்... எல்லாம் மறந்துபோச்சு. ஆனால் தைத்த பைகளை மட்டும் மறக்காமல் காரில் ஏற்றிக்கொண்டது.

மறுநாள் மத்தியானம் பூனை தனியாகப் போய், கண்ணை இறுக்கிக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்து, மிஷினைக் கட்டித் தூக்கி ஆட்டோவில் வைத்து, அந்த மில் ரோட்டு வழியாகக் கொண்டுபோய்ப் பழைய மேஜையில் இறக்கினாள். ஆட்டோவில் தைல வாசனை இல்லை. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

பெரிய அத்தை இளைத்துப்போயிருந்தாள். மிஷினைப் பார்த்ததும் முகம் ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி ஆனது. தேய்ந்த பூக்கொடியைத் தடவினாள். சக்கரத்தைத் தடவினாள். "எண்ணெய் போட்டு நல்லா வெச்சிருக்கியே" என்றாள். பூனைக்கு முதல் முறையாக ஒரு நல்ல வார்த்தை சொன்னார்கள், அந்தக் குடும்பத்தில். பெரிய அத்தை அந்தத் தலையணை உறையை மடித்து வைத்திருந்த இடத்திலிருந்து எடுத்து வந்தாள். குட்டை ஸ்டூலைக் கொஞ்சம் இழுத்துச் சரியாகப் போட்டாள். ஊசிக்கு அடியில் துணியை வைத்து, இடது கையால் நீவிவிட்டுக் காத்திருந்தாள்.

கைப்பிடி அசையவில்லை.

துணியைக் கொஞ்சம் நகர்த்தினாள். காத்திருந்தாள். வெளியில் வெயில் சாய்ந்தது. பிறகு பூனையைப் பார்த்துக் கேட்டாள்.

"மிஷின் வந்துடுச்சு. அவ எங்க?"

பூனை சும்மா ஆறுதலுக்கு, "வந்துடுவாங்க" என்றாள்.

"எப்படி வருவா? போகும்போது கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டே போயிருப்பா. இப்ப நீ அதத் தனியாத் தூக்கிட்டு வந்துட்ட. கண்ணு தெரியாதவம்மா... அவளுக்கு யாரு வழி சொல்லுவா?"

நானாக இருந்தால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு ஓடியிருப்பேன். பூனை திரும்பிப் போனாள். ஏன் போனாய் என்று கேட்டேன். "அந்த வீட்ல அவங்க தனியா தடவிக்கிட்டே இருப்பாங்களேக்கா" என்றாள். நம் மேடத்துக்கு அந்த மனசில் ஒரு துளி இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

பூட்டிய வீட்டைத் திறந்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. சுவர் முழுக்க, இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, தூசியைத் துடைத்தெடுத்த மாதிரி நீளக் கோடு. ஹாலைச் சுற்றி, மாடிப்படி ஏறி, இறங்கி, மறுபடி ஹால். கீழே விழுந்த கடிகாரம், கவிழ்ந்த நாற்காலி. எங்கேயோ உள்ளே... சரக்... சரக்...

கூப்பிட வேண்டும். என்னவென்று கூப்பிடுவது? புருஷனுக்கு அத்தை. இவளுக்குச் சித்தியா, பெரியம்மாவா, இவளுக்கும் அத்தைதானா? முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. கல்யாணமாகி வந்த நாளாக யாரும் இவளுக்கு முறை சொல்லிக் கொடுத்ததும் இல்லை. தப்பாகக் கூப்பிட்டுத் தொலைத்தால் என்ன ஆகுமோ என்று பயம் வேறு. கடைசியில் நடு ஹாலில் நின்று பொதுவாகச் சொன்னாள்.

"வாங்க... வீட்டுக்குப் போலாம்."

சுவரில் தேய்கிற சத்தம் நின்றது. வீடே நின்றது. பூனை திரும்பி நின்று தோளைக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து... வலது தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. கனமில்லை. ஆனால் இறுக்கம்.

ஆட்டோ வேண்டாம் என்று விட்டாள். ஏறினார்களா இல்லையா என்று எப்படித் தெரியும்? நடந்தே போனாள். ஆளில்லாத அந்த ரோட்டில், மில் மதிலை ஒட்டி, இருட்டில், வாய்விட்டுப் பேசிக்கொண்டே போனாள். "இங்க பள்ளம். காலத் தூக்கி வைங்க... கல்லு இருக்கு, இந்தப் பக்கமா வாங்க..." சைக்கிளில் வந்த ஒரு ஆள் இவளைப் பார்த்துவிட்டு இறங்கி ஓரமாக நின்றுவிட்டான். இவள் கடந்து போகிறவரை ஏறவில்லை. இவள் போன பிறகும் கொஞ்ச நேரம் வழிவிட்டபடியே நின்றானாம்.

"படி... ரெண்டு படி" என்று சொல்லி ஓட்டு வீட்டுக்குள் ஏறினாள். பெரிய அத்தை அப்படியே மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. துணியில் இடது கை.

தைல வாசனை அடித்தது. குட்டை ஸ்டூல் லேசாகக் கிறீச்சிட்டது.

கட... கட... கடகடகட.

கைப்பிடி சுற்றியது. பெரிய அத்தையின் கன்னத்தில் கண்ணீர் வழிகிறது, துணி வரிசை தப்பாமல் போகிறது. 'ச்' என்றாள். நின்றது. பூனைக்கும் அழுகை வந்துவிட்டது. நல்ல காரியம் செய்தோம் என்று நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள். அப்போதுதான் தெரிந்தது.

தோளில் இருந்த கை இன்னும் அங்கேயேதான் இருந்தது.

பெரிய அத்தை துணியிலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்தாள். பூனையைப் பார்க்கவில்லை. பூனைக்குப் பின்னால், திறந்திருந்த வாசலை, அதையும் தாண்டி ரோட்டை, கொஞ்ச தூரம்வரை, வரிசையாக நிற்கிறவர்களை எண்ணுகிற மாதிரி பார்த்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏம்மா... செத்தவங்க சாமான் அத்தனையும் கிடக்கிற அந்த வீட்ல, நீ அவள முறை வெச்சுக் கூப்பிட்டியா, இல்ல பொதுவா 'வாங்க'ன்னியா?"